மாக்டானிலிருந்து ஒரு கிட்டார்

செபுவுக்கு விமானம் ஏறும் சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் கடலைத் தேடிப் போகிறவர்கள். முக்குளிப்பு, படகுப் பயணம், மாலையில் கரியில் வாட்டிய மீன் என்று மூன்று நாள்கள் ஓடிவிடும். அவர்கள் தரையிறங்கும் அதே மாக்டான் தீவில், விமான நிலையத்திலிருந்து அரை மணி நேர டாக்சிப் பயணத்தில், தலைமுறை தலைமுறையாகக் கிட்டார் செய்யும் குடும்பங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்து போகிறவர்களும் வாசித்துப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், “இதை எப்படி ஊருக்குக் கொண்டுபோவது?” என்று தயங்குகிறார்கள். கடைசியில் கைப்பையில் அடங்கும் உகுலேலே ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

சென்ற ஜூன் பள்ளி விடுமுறையில் நான், மனைவி, மகள் மூவரும் அங்கே போனோம். திரும்பும்போது முழு அளவுக் கிட்டார் ஒன்று எங்களோடு வந்தது. விரைவுத் தூதஞ்சலில் அனுப்ப விலை கேட்டபோது, கிட்டாரின் விலையையே நெருங்கும் தொகை ஒன்றைச் சொன்னார்கள். நாங்கள் செலவழித்தது 38 வெள்ளி. அந்த இரண்டு தொகைகளுக்கும் இடையே உள்ள கணக்கு, கிட்டார் வாங்குபவர்களுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டிலிருந்து வீணையோ மிருதங்கமோ கொண்டுவர நினைக்கும் குடும்பங்களுக்கும் உதவும்.

ஏன் மாக்டான்?

மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். பள்ளியின் கிட்டார் குழுதான் அவளது இணைப்பாட நடவடிக்கை. நம் பள்ளிகளில் கிட்டார் குழு என்றால் மேடையில் நின்று பாடும் இசைக்குழு அல்ல. முப்பது நாற்பது மாணவர்கள் நைலான் தந்திக் கிட்டார்களுடன் வரிசையாக அமர்ந்து, நடத்துநரின் கைக்கோலைப் பார்த்து வாசிப்பார்கள். சிங்கப்பூர் இளையர் விழாவில் இதற்கெனத் தனிப் பிரிவே உண்டு. பள்ளியின் கிட்டாரை விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு ஏற்ற கிட்டார் இங்கேயே கடைகளில் 300 வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதனால் 400 வெள்ளிக்குள் என்று வரம்பு வைத்தோம்.

மாக்டான் பெயரைச் சொன்னது மனைவி. எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகள் இருந்த இல்லப் பணிப்பெண் அந்தத் தீவைச் சேர்ந்தவர். மகளுக்கு இரண்டு வயதானபோது வந்தார், பதினொரு வயதானபோது ஊர் திரும்பினார். மகளுக்கு அவர் ‘ஆன்ட்டி’. இன்றும் வாரம் ஒருமுறை காணொளியில் பேசிக்கொள்வார்கள். அவருடைய தாய்மாமன் கிட்டார்ப் பட்டறை வைத்திருப்பது எங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் அதைப் பார்க்கப் போவோம் என்று நினைத்ததில்லை.

சிங்கப்பூரிலிருந்து செபுவுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். நேர வேறுபாடு இல்லை. விமான நிலையம் செபு நகரில் இல்லை. நீரிணைக்கு இந்தப் பக்கம் மாக்டான் தீவிலேயே, லாப்பு லாப்பு நகரில் இருக்கிறது. 2018ல் திறக்கப்பட்ட அனைத்துலக முனையத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தால் இரும்புச் சட்டங்கள் தெரியாது. பிரம்மாண்டமான மர வளைவுகள்தாம் அலையலையாகத் தெரியும். மரத்தை வளைத்துப் பிழைக்கும் தீவுக்குப் பொருத்தமான வாசல்.

ஊரின் பெயருக்குரிய லாப்பு லாப்பு, இத்தீவின் தலைவர்களில் ஒருவர். மேற்கு வழியாக நறுமணத் தீவுகளை அடையப் புறப்பட்ட மெகல்லன் 1521ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி இந்தக் கரையில்தான் அவருடைய ஆள்களோடு மோதி உயிரிழந்தார். மெகல்லனின் கப்பலில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் மலாக்காவில் அவருக்கு அடிமையான என்ரிக்கே. நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்து, மலாய் பேசிக் காரியம் நடத்தியிருக்கிறார். ஸ்பானியர்கள் 1565ல் செபுவில் குடியேறினார்கள். தேவாலயமும் கிட்டாரும் அவர்களோடு வந்தவை. ஸ்பெயினின் ஆட்சி 1898ல் முடிந்தது. கிட்டார் மட்டும் உள்ளூர்ப் பிள்ளையாகத் தங்கிவிட்டது.

பலா மரத்தில் பாட்டு

பட்டறை என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். தகரக் கூரை, மூன்று பக்கமும் திறந்த கூடம், நடுவில் நீளமான வேலை மேசைகள். ஒரு மூலையில் பலகைகள் அடுக்கிக் காய்கின்றன; ஒவ்வொரு பலகைக்கும் இடையே காற்றுப் புகச் சிறு குச்சிகள். மேலே உத்தரத்தில் முடிந்ததும் முடியாததுமாகக் கிட்டார்கள் தொங்குகின்றன. மரத்தூள் வாசனையோடு பசையின் நெடி. ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். அதில் நான்கு பேருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

ஆன்ட்டியின் மாமாவை நாங்கள் ‘மனோங்’ என்றே அழைத்தோம். மூத்த ஆண்களை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள், நம் ‘அண்ணே’ போல. அவர் மகளின் கையில் மஞ்சள் நிறப் பலகைத் துண்டு ஒன்றைக் கொடுத்து, “முகர்ந்து பார். என்ன மரம்?” என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. “நங்கா” என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செபுவானோ மொழியிலும் மலாய் மொழியிலும் ஒரே சொல். நங்கா என்றால் பலா. தஞ்சாவூர் வீணையும் பலா மரத்தில்தான் செய்யப்படுகிறது. 2013ல் புவிசார் குறியீடு பெற்ற வீணை அது. வெட்டியபோது மஞ்சளாக இருக்கும் பலாப் பலகை ஆண்டுகள் போகப் போகத் தேன் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் மாறும். தஞ்சையில் குடத்தைக் குடைந்து எடுக்கிறார்கள். இங்கே பலகையை மெல்லியதாகச் சீவி, நனைத்து, சூடான இரும்புக் குழாயின்மேல் மெதுவாக அழுத்தி இடுப்புபோல வளைக்கிறார்கள். அவசரப்பட்டால் பலகை பிளந்துவிடும். மனோங் ஒரு பக்கத்தை வளைத்து முடிக்கும்வரை யாரும் அவரிடம் பேசவில்லை.

கிட்டாரின் பின்பக்கமும் பக்கவாட்டுகளும் பலா. முன்முகத்துக்கு மட்டும் குளிர்நாட்டிலிருந்து வரும் ஸ்புரூஸ் மரம். அதன் தடிமன் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த மெல்லிய பலகை, நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் ஏறத்தாழ 40 கிலோ விசையைத் தாங்க வேண்டும். எஃகுத் தந்தி என்றால் 70 கிலோ வரை போகும். உள்ளே விசிறிபோலச் சிறு சட்டங்களை ஒட்டுவது அதற்காகத்தான். ஒலித்துளையைச் சுற்றிச் சிப்பித் துண்டுகளை இழைக்கும் வேலையை ஓர் அம்மா செய்துகொண்டிருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அரிசிமணி அளவுச் சிப்பியை ஊசியால் எடுத்து வைத்தார்.

மகள் மூன்று கிட்டார்களை வாசித்துப் பார்த்தாள். ஒட்டுப்பலகையில் செய்தது 4,500 பெசோ. பலாவும் ஸ்புரூஸும் சேர்ந்தது 12,000 பெசோ, நம் பணத்தில் ஏறத்தாழ 280 வெள்ளி. மூன்றாவதன் விலை எங்கள் வரம்பைத் தாண்டியது. இரண்டாவது கிட்டாரில் அவள் பள்ளியில் பயிலும் பகுதியை வாசித்தாள். முடித்ததும் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தார். விலை பேசாமலேயே சரி என்றோம்.

காற்றுக்கும் கட்டணம்

அப்போதுதான் மனோங் கேட்டார்: “எப்படிக் கொண்டுபோவீர்கள்?”

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மாதத்துக்குச் சில வெளிநாட்டவர்கள் இப்படி வந்து உட்கார்ந்து, வாசித்து, மனம் ஒப்பிவிடுவார்களாம். அனுப்பும் கட்டணத்தைக் கேட்டதும் கிட்டாரை மீண்டும் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார்களாம். “மரத்தின் விலையை அவர்கள் குறை சொல்வதில்லை. என் கூலியையும் குறை சொல்வதில்லை. பெட்டிக்குத்தான் பயப்படுகிறார்கள்” என்றார்.

நாங்களும் விசாரித்தோம். நகரிலிருந்த விரைவுத் தூதஞ்சல் கிளை ஒன்றில் 10,400 பெசோ என்றார்கள். ஏறத்தாழ 242 வெள்ளி. கிட்டாரின் எடை இரண்டு கிலோகூட இல்லை. கெட்டியான ஹார்ட் கேஸ் பெட்டியும் அட்டைப்பெட்டியும் சேர்ந்தாலும் ஏழு கிலோதான். எதற்கு இவ்வளவு?

விடை எடையில் இல்லை, கன அளவில் இருக்கிறது. விமானத்தில் இடம் குறைவு. பஞ்சு மூட்டையை எடைக்கு ஏற்றினால் நிறுவனத்துக்கு நட்டம். அதனால் தூதஞ்சல் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுக்கின்றன. வருவது ‘கன அளவு எடை’. உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். கிட்டார் பெட்டி 115 சென்டிமீட்டர் நீளம், 48 அகலம், 20 உயரம். பெருக்கினால் 110,400. ஐயாயிரத்தால் வகுத்தால் 22 கிலோ. ஏழு கிலோ பொருளுக்கு இருபத்திரண்டு கிலோ கட்டணம். மீதிப் பதினைந்து கிலோவும் காற்று.

இதோடு முடிவதில்லை. சிங்கப்பூருக்கு விமான அஞ்சலில் வரும் பொருளின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் இறக்குமதியின்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும். அந்த மதிப்பில் அனுப்பும் கட்டணமும் காப்புறுதியும் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எங்கள் கணக்கில் கிட்டார் 280, ஹார்ட் கேஸ் 65, அனுப்பும் கட்டணம் 242. மொத்தம் 587 வெள்ளி. வரி ஏறத்தாழ 53. ஆக 640 வெள்ளி. காற்றுக்குக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு வரி.

நான்கு வழிகள்

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அலுவலகத்தில் பொருள் போக்குவரத்துப் பிரிவில் வேலை செய்வதால் இது எனக்குப் பழகிய கணக்குதான். கிட்டாருக்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, மேலே சொன்ன விரைவுத் தூதஞ்சல். வேகமானது, விலை கூடியது. கழுத்தைத் திருகாணி கழற்றிப் பிரிக்கக்கூடிய மின்கிட்டாராக இருந்தால் பெட்டி பாதியாகச் சுருங்கும், கட்டணமும் இறங்கும். நைலான் தந்திக் கிட்டாரின் கழுத்து உடலோடு ஒட்டியது, பிரிக்க முடியாது.

இரண்டாவது, அரசாங்க அஞ்சல். அனைத்துலகப் பொட்டலங்களுக்கான பொதுவான எல்லை, நீளம் ஒன்றரை மீட்டர், நீளமும் சுற்றளவும் சேர்ந்து மூன்று மீட்டர். கிட்டார் பெட்டி 115 சென்டிமீட்டர். அதன் சுற்றளவு 136. இரண்டும் சேர்த்து 251 என்பதால் உள்ளே அடங்கிவிடும். பல அஞ்சல் சேவைகள் உண்மை எடைக்கே கட்டணம் வாங்குவதால் இது மலிவாக அமையலாம். ஆனால் அளவு எல்லையும் கட்டண முறையும் நாட்டுக்கு நாடு மாறும். பெட்டி கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கப்பல். இங்கே கட்டணம் கனமீட்டர் கணக்கு. ஒரு கிட்டார் பெட்டி 0.11 கனமீட்டர்தான். ஆனால் குறைந்தபட்சம் ஒரு கனமீட்டருக்குக் கட்டணம், அதற்குமேல் ஆவணம், துறைமுகக் கட்டணம் என்று பட்டியல் நீளும். ஒற்றைக் கிட்டாருக்கு இது கட்டுப்படியாகாது. ஒன்பது கிட்டார்களை ஒன்றாக அடுக்கினால் சரியாக ஒரு கனமீட்டர் வரும். அப்போது கப்பலைவிட மலிவான வழி இல்லை. மரச்சட்டப் பெட்டி கட்டினால் அது பூச்சி நீக்கப்பட்ட முத்திரை மரமாக இருக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி உண்டு. அட்டைப்பெட்டிக்கு அந்த விதி இல்லை.

நான்காவது, கையோடு கொண்டுவருவது. முழு அளவுக் கிட்டார் ஒரு மீட்டர் நீளம். விமான அறைக்குள் கொண்டுபோகும் பைக்கான அளவைத் தாண்டிவிடும். தனி இருக்கைச் சீட்டு வாங்கினால் ஒழிய நம்பிப் போக முடியாது. ஹார்ட் கேஸில் வைத்துப் பயணப்பெட்டியாகப் பதிவு செய்யலாம். அதற்கும் விமானத்துக்கு விமானம் விதி வேறு. சிலர் எடையை மட்டும் பார்ப்பார்கள், சிலர் அளவு கூடிய பொருள் என்று தனிக் கட்டணம் கேட்பார்கள். எங்கள் விமானத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டோம். கிட்டாரை வழக்கமான பதிவுப் பெட்டி எடையில் சேர்ப்போம் என்று பதில் வந்தது. உடனே இணையத்தில் கூடுதல் எடை வாங்கினோம். 38 வெள்ளி. முகப்பில் போய் வாங்கினால் இதைவிடக் கூடும்.

கிட்டார் 280, பெட்டி 65, கூடுதல் எடை 38. மொத்தம் 383 வெள்ளி. நாங்கள் வைத்த வரம்புக்குள் வந்துவிட்டது.

இங்கிருந்து போகும் பெட்டி

மறுநாள் ஆன்ட்டியின் வீட்டில் மதியச் சாப்பாடு. தென்னங்குருத்தில் பின்னிய பொட்டலத்துக்குள் வேகவைத்த சோறு. அங்கே ‘புசோ’ என்கிறார்கள். நம் கெத்துப்பாட்டின் தங்கை. பொரித்த கருவாடும் உண்டு. கூடத்தின் மூலையில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று அலமாரியாக மாறியிருந்தது. அதன் பக்கவாட்டில் எங்கள் புளோக் எண் இன்னும் அழியாமல் இருந்தது.

லக்கி பிளாசாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிப்பீன்ஸ் பெண்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘பாலிக்பாயான்’ பெட்டி அனுப்புகிறவர்கள் அவர்களில் பலர். எவ்வளவு கனத்தாலும் பெட்டிக்கு ஒரே கட்டணம். கப்பலில் சில வாரங்களில் வீட்டு வாசலுக்கே போய்விடும். சவர்க்காரம், டின் இறைச்சி, மைலோ, துவாலை, பள்ளிக் காலணி என்று ஆன்ட்டியும் ஆண்டுதோறும் அடைத்து அனுப்பினார். ஆயிரக்கணக்கானோர் அனுப்புவதால் கப்பல் கொள்கலன் நிரம்புகிறது, கட்டணம் குறைகிறது. எதிர்த்திசையில் அப்படியொரு பெட்டி இல்லை.

ஆன்ட்டி அதை அன்று வேறுவிதமாகச் சொன்னார். அவருடைய அப்பாவும் கிட்டார் செய்தவர். சுற்றுலாப் பயணிகள் வாங்குவதை மட்டும் நம்பிக் குடும்பம் ஓடவில்லை. அப்பா வேலையை நிறுத்தினார். தம்பி கப்பல் வேலைக்குப் போனார். அவர் சிங்கப்பூருக்கு வந்தார். “கிட்டார் விமானம் ஏறியிருந்தால் நான் ஏறியிருக்க மாட்டேன், மேம்” என்று மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவி சிரிக்கவில்லை. மகளுக்கு முதன்முதலில் சோறூட்டப் பழக்கியவர், சளிக்காய்ச்சலில் இரவெல்லாம் தோளில் போட்டு நடந்தவர் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தார் என்பதற்கு அன்றுதான் எங்களுக்கு முழு விடை கிடைத்தது. தன் சொந்த மகனை அவர் அந்த ஒன்பது ஆண்டுகளில் நான்கு முறைதான் நேரில் பார்த்தார்.

மனோங்கின் பட்டறையில் இளைஞர் ஒருவர்தான் இருந்தார். ஆன்ட்டியின் மகன். வயது பதினெட்டு. கடற்கரை விடுதியில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். விடுதி கூப்பிட்டால் போய்விடுவார், கிட்டார் விற்றால் இருப்பார். இரண்டில் எது முதலில் நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

பெட்டி கட்டும் முறை

கிளம்பும் முந்தைய நாள் மனோங் கிட்டாரைப் பெட்டியில் வைத்ததைப் பார்த்ததே ஒரு பாடம். முதலில் முறுக்காணிகளைத் திருகித் தந்திகளைத் தளர்த்தினார்; முழுவதுமாக அவிழ்க்கவில்லை. கழுத்தின்மேல் இருக்கும் இழுவிசை அடியோடு போய்விட்டாலும் மரத்துக்கு நல்லதல்ல என்றார். தந்திக்கும் மெட்டுகளுக்கும் இடையே மென்மையான துணி ஒன்றை நுழைத்தார்.

கிட்டார் உடைவது பெரும்பாலும் உடலில் அல்ல, தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில். தலை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் மரத்தின் நார் அங்கே குறுக்கே ஓடும். பெட்டி மல்லாக்க விழுந்தால் தலை வெற்றிடத்தில் அசைந்து முறியும். அதனால் தலைக்குக் கீழும் இருபக்கமும் செய்தித்தாளைச் சுருட்டி அசையாமல் அடைத்தார். பெட்டியை மூடிக் காதருகே வைத்து ஆட்டினார். சிறு சத்தம் கேட்டது. திறந்து இன்னும் இரண்டு சுருள்கள் வைத்தார். மீண்டும் ஆட்டினார். சத்தம் இல்லை. தூதஞ்சலிலோ கப்பலிலோ அனுப்புவதானால் இதை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்காவது மென்பொதி திணிக்க வேண்டும்.

மரம் பற்றியும் கேட்டுக்கொள்வது நல்லது. ரோஸ்வுட் வகை மரங்கள் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின்கீழ் வருகின்றன. முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. ஆமையோடு பதித்த கருவிகளைத் தொடவே வேண்டாம். பலாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. எங்கள் ரசீதில் என்ன மரம் என்பதையும் எழுதித் தரச் சொன்னோம்.

சாங்கியில் இறங்கியபின்

செபு விமான நிலைய முகப்பில் ‘உடையக்கூடியது’ என்ற ஒட்டுத்தாளோடு கையெழுத்திட ஒரு சீட்டும் தந்தார்கள். சேதத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பைக் குறைக்கும் சீட்டு அது, படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெட்டியை மூடுமுன் உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்திருந்தோம். அனைத்துலகப் பயணங்களுக்குரிய மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பதிவுப் பெட்டியில் சேதம் இருந்தால் பெற்றுக்கொண்ட ஏழு நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்ய வேண்டும். சாங்கியில் அளவு கூடிய பெட்டிகள் வழக்கமான சுழல்பட்டையில் வராமல் தனி இடத்தில் வரலாம். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. வெளியேறும் முன் அங்கேயே திறந்து ஒருமுறை பார்த்தோம். ஒரு கொக்கி லேசாக வளைந்திருந்தது. கிட்டாருக்கு ஒன்றும் இல்லை.

சுங்கத்தில் சிக்கல் இல்லை. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பயணிக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரிச் சலுகை உண்டு. கிட்டாரும் பெட்டியும் 345 வெள்ளி. அதைவிடக் குறைந்த நேரம் தங்கினால் சலுகை 100 வெள்ளிதான். வார இறுதியில் ஓர் இரவு மட்டும் போய் வாங்கித் திரும்ப நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மகள் உடனே வாசிக்கத் துடித்தாள். சில மணி நேரம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று மனோங் சொல்லி அனுப்பியிருந்தார். விமானத்தின் சரக்கு அறைக் குளிரிலிருந்து வந்த மரம், வீட்டின் வெப்பத்துக்கு மெல்லப் பழக வேண்டும். கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. சிங்கப்பூரின் சராசரியோ 80ஐத் தாண்டும். மாக்டானும் ஈரமான தீவு என்பதால் இந்த மரத்துக்கு நம் காற்று புதிதல்ல. இருந்தாலும் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளையும் சிறு ஈரப்பதமானி ஒன்றையும் வைத்திருக்கிறோம். வறண்ட நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு எதிர்த்திசைக் கவனம் தேவை. அங்கே மரம் சுருங்கி வெடிக்கும். அதனால் வாங்கும்போதே பலகையை எவ்வளவு காலம் காயவைத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

பள்ளி திறந்ததும் மகள் கிட்டாரைப் பயிற்சிக்குக் கொண்டுபோனாள். அவளுடைய பயிற்றுநர் வாசித்துப் பார்த்துவிட்டு எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறார். அன்றிரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கியது. நான் ஒன்பது கிட்டார், ஒரு கனமீட்டர் கணக்கை எழுதிப் போட்டேன். துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்துப் பகிர்ந்தாலும் ஆளுக்கு ஆகும் செலவு தூதஞ்சலைவிட மிகவும் குறைவு. இதுவரை ஏழு குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. இன்னும் இரண்டு வேண்டும்.

ஆன்ட்டியிடம் தகவல் சொன்னோம். ஒன்பது கிட்டார் என்பது அந்தப் பட்டறைக்கு எத்தனை வார வேலை என்று நான் கேட்டதற்கு அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. மகன் விடுதி வேலைக்கு இன்னும் போகவில்லை என்று மட்டும் சொன்னார். மறுநாள் மனோங்கிடமிருந்து ஒரு படம் வந்தது. பட்டறைச் சுவரில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், பெட்டியின் நீள அகல உயரமும் எடையும் கரித்துண்டால் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. படத்துக்குக் கீழே அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “அந்த ஒன்பது பிள்ளைகளில் இடக்கைக்காரர்கள் எத்தனை பேர்?”